காளான் மருந்து எப்ப வரும் என்று கேட்பவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் மண்டூர்ப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமி ஒருவர் போனை என்னிடம் நீட்டினார். கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ அது. வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறார். காதில் ஹெட்போன். பக்கத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: ஒரே நாளில் குடி போய்விடும்.

"மனே, இந்தக் காளான் மருந்து நம்மட ஆஸ்பத்திரிக்கு எப்ப வரும்?"

நான் வாயைத் திறக்குமுன் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "சோத்துக்குள்ள கலந்து குடுக்கலாமா? அவருக்குத் தெரியாம."

அவருடைய கணவர் முப்பது வருடமாகக் கசிப்புக் குடிப்பவர். மூத்த மகனைத் தொண்ணூறுகளில் இழந்த வீடு அது. மாமியின் கேள்வியில் எந்த அறியாமையும் இல்லை. எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தவர், புதிதாக ஒரு கதவு தெரிந்ததும் தட்டினார். அவ்வளவுதான். அவருக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை இதே கேள்வியோடு பலர் இருக்கிறார்கள். குடி மட்டும் இல்லை. ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும், போரும் சுனாமியும் விட்டுப்போன மனவடுவோடு இரவில் தூங்காமல் கிடப்பவர்களும் கேட்கிறார்கள்.

ஆராய்ச்சியை மருந்தாக வாசிப்பது

முதலில் எது உண்மை என்று பார்ப்போம். சைகடெலிக் என்று சொல்லப்படும் பொருள்கள் மனம் காணும் விதத்தையே சில மணி நேரத்துக்கு மாற்றிவிடுபவை. சில வகைக் காளான்களில் இருக்கும் சைலோசைபின், 1938இல் சுவிட்சர்லாந்தின் அல்பர்ட் ஹொஃப்மன் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய எல்.எஸ்.டி ஆகியவை இதில் அடங்கும். ரோட்டில் எக்ஸ்டஸி என்ற பெயரில் விற்கப்படும் எம்.டி.எம்.ஏ சற்று வேறு வகை என்றாலும் இந்த ஆராய்ச்சியில் அதையும் சேர்த்தே பேசுகிறார்கள். 1950களிலேயே கனடாவின் சஸ்கச்சுவானில் ஹம்ப்ரி ஒஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி கொடுத்து ஆராய்ந்தார். அப்புறம் தடைகள் வந்து பல பத்தாண்டுகள் எல்லாம் நின்றுபோயின. இப்போதைய அலை 2000க்குப் பிறகு எழுந்தது.

எல்லாரும் மேற்கோள் காட்டும் ஒரு எண் உண்டு. 2014இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் சைலோசைபின் எடுத்த புகைப்பவர்களில் 80 வீதமானோர் ஆறு மாதம் கழித்தும் புகைக்கவில்லை. கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 15 பேர். அதில் 12 பேர் நிறுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வான் பிடித்தால் எல்லாரையும் ஏற்றிவிடலாம். இதை வைத்துக்கொண்டு ஊருக்கே மருந்து சொல்ல முடியாது. ஆராய்ந்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை, வீடியோ செய்தவர்கள்தான் சொன்னார்கள்.

இன்னொரு ஏமாற்றம் சொல்லில் வருகிறது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ 2017இல் எம்.டி.எம்.ஏக்கும் 2018இல் சைலோசைபினுக்கும் பிரேக்த்ரூ என்ற ஒரு அந்தஸ்தைக் கொடுத்தது. ஆய்வையும் பரிசீலனையையும் விரைவாக நடத்த அது வழிசெய்யும், மருந்துக்கு அனுமதி கிடைத்ததாக ஆகாது. 2024 ஜூனில் அதன் நிபுணர் குழு, மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ சிகிச்சை பலன் தருவதாகக் காட்டப்படவில்லை என்று 9க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. அந்த ஆகஸ்டில் எஃப்.டி.ஏயும் மறுத்து, இன்னொரு பெரிய பரிசோதனை வேண்டும் என்றது. அவுஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அதிகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏயும் வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபினும் கொடுக்கலாம் என்று விட்டது. அங்கும் செலவு பல ஆயிரம் டொலர். குடிப்பழக்கத்துக்கும் ஐஸுக்கும் அந்த அனுமதி இல்லை. இலங்கையில் சட்டப்படி இச்சிகிச்சை பெற ஒரு இடமும் இல்லை. யாராவது கொழும்பில் இருக்கிறது, காசு கட்டினால் ஏற்பாடு செய்யலாம் என்றால் நம்பாதீர்கள்.

மாத்திரையை மட்டும் எண்ணுவது

நான் அதிகம் பேச விரும்புவது இந்தத் தவறைப் பற்றித்தான்.

எம்.டி.எம்.ஏ ஆய்வுகளில் ஒருவருக்கு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து எடுக்குமுன் ஒன்றரை மணி நேரப்படி மூன்று சந்திப்பு. பிறகு மருந்தோடு எட்டு மணி நேர நாள்கள் மூன்று. அவற்றுக்குப் பிறகு, கண்டதையும் அழுததையும் பேசித் தெளிய ஒன்றரை மணி நேரப்படி ஒன்பது சந்திப்பு. கூட்டினால் 42 மணித்தியாலம். அதுவும் இரண்டு சிகிச்சையாளர்கள் கூடவே இருந்து.

2023இல் வெளிவந்த ஆய்வில் 104 பேர் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 71 வீதமானோருக்கு முடிவில் மனவடு நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இருக்கவில்லை. செய்திகள் இதோடு நிறுத்திவிடும். பக்கத்து நிரலையும் பாருங்கள். அதே 42 மணித்தியாலம், அதே இரண்டு பேர், ஆனால் மாத்திரையில் எம்.டி.எம்.ஏ இல்லை. அவர்களிலும் 48 வீதமானோர் அந்த நிலைக்கு வந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர்.

குடி விஷயத்திலும் இதே கதைதான். 2022இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தினர் 95 குடிநோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. பன்னிரண்டு வாரம் உளவளத்துணை, இடையில் இரண்டு முறை சைலோசைபின் அல்லது ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை. முதல் மருந்து நாளிலிருந்து 32 வாரங்களை எண்ணினார்கள். சைலோசைபின் குழு மிதமிஞ்சிக் குடித்த நாள்கள் 9.7 வீதம், மற்றக் குழு 23.6 வீதம். வித்தியாசம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்கும் எந்த மாத்திரையும் கொடுக்கத் தொடங்குமுன்பே, முதல் நான்கு வாரப் பேச்சிலேயே இரண்டு குழுவினரும் குடியை நன்றாகக் குறைத்திருந்தார்கள்.

பேச்சு மட்டும்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கு வருபவர் ஏற்கெனவே விட வேண்டும் என்ற மனதோடு வருகிறார், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமும் வேலை செய்யும். அதைப்போலவே, மருந்துக் குழுவின் பலனிலும் எதிர்பார்ப்பு கலந்திருக்கிறது. நியூயோர்க் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாம் எடுத்தது எது என்று சரியாக ஊகித்தார்கள். கண்ணுக்குள் நிறங்கள் ஓடும்போது ஒவ்வாமை மாத்திரைதான் எடுத்தேன் என்று யார் நம்புவார்? நிபுணர் குழு எம்.டி.எம்.ஏயில் சந்தேகப்பட்டதற்கும் இது ஒரு காரணம்.

எப்படிப் பார்த்தாலும் அந்த 42 மணித்தியாலம் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நம்மட கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். விடிய வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, பெஞ்சில் வரிசையாக நகர்ந்து நகர்ந்து, உள்ளே போனால் சில நிமிடம். டொக்டரைக் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். கிளினிக் கொப்பியில் ஒரு வரி, அடுத்த திகதி, சின்னக் கடதாசி உறையில் மாத்திரை. காளான் எப்ப வரும் என்று கேட்கும் நாம், கூட உட்கார்ந்து கேட்கும் ஆளை எப்ப அனுப்புவீர்கள் என்று கேட்பதில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் ஊர் என்ன சொல்லும் என்று போவதில்லை. ஒரு முறை போய்விட்டு, சும்மா கதைச்சாங்க, மருந்து ஒன்றும் தரவில்லை என்று திரும்பியவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தச் சும்மா கதைப்பதை அமெரிக்காவில் இலட்சக்கணக்கான டொலர் கொட்டி அளந்து பார்க்கிறார்கள்.

ரோட்டில் கிடைப்பதும் ஆய்வில் கொடுப்பதும் ஒன்று என்று நினைப்பது

அக்கரைப்பற்றில் ஒரு இளைஞர் கேட்டார்: "அண்ணே, ஐஸ் விடுறதுக்கு எக்ஸ்டஸி எடுத்தாச் சரிவருமாம், உண்மையா?" இல்லை தம்பி. ஐஸ் என்பது மெத்தம்பெட்டமின். எம்.டி.எம்.ஏயும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், பெயரின் கடைசியில் வரும் எம்.ஏ என்பதே மெத்தம்பெட்டமினைத்தான் குறிக்கும். இரண்டும் இதயத்தை ஓட வைக்கும், உடம்பைச் சூடேற்றும். ரோட்டில் எக்ஸ்டஸி என்று விற்பதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

காளானும் அப்படித்தான். மழைக்குப் பின் எருச் சாணத்தில் முளைப்பதை யாரோ போனில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பறித்தால், ஈரலை அழிக்கும் காளான் கையில் வந்து சேரலாம். ஊமத்தையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலியோரத்தில் சும்மா நிற்பதால் அதை நாட்டுச் சைகடெலிக் என்று பேசும் பொடியன்மார் உண்டு. அது வேறு வகை நஞ்சு. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இதயம் படபடத்து, எதிரே நிற்பவர் யார் என்றே தெரியாமல் பிதற்ற வைக்கும். உயிரும் போகலாம். யாராவது சாப்பிட்டுவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு மோர் கொடுக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள்.

ஆபிரிக்காவின் கபோன் நாட்டு இபோகா வேரிலிருந்து வரும் இபோகெயின் ஹெரோயின் பழக்கத்தைக் கைவிட உதவும் என்றும் படித்திருப்பீர்கள். இதயத் துடிப்பைக் குழப்பி ஆட்களைக் கொன்ற வரலாறு அதற்கு உண்டு. கெட்டமின் நம் ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கூடங்களில் மயக்க மருந்தாக இருக்கிறது. அதன் ஒரு வடிவம் 2019இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு மூக்கில் அடிக்கும் மருந்தாக அனுமதி பெற்றதும் உண்மை. ஆனால் அங்கு கூட அதை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை, கிளினிக்கில் அடித்து இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

சட்டத்தை மறக்காதீர்கள். சைலோசைபின், எல்.எஸ்.டி, எம்.டி.எம்.ஏ மூன்றும் 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பவை. மருந்துக்காக வைத்திருந்தேன் என்று பொலிஸில் சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தரணிக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் அதிக நாள் உள்ளே இருக்கும்.

இருக்கும் மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது

இது உயிருக்கே ஆபத்தான தவறு. வீடியோவில் ஒருவர் பழைய மாத்திரைகளையெல்லாம் விட்டுவிட்டுத்தான் இதற்கு வந்தேன் என்பார். அவரை வாரக்கணக்கில் மருத்துவர்கள் படிப்படியாக இறக்கியிருப்பார்கள். அது வீடியோவில் வராது. அந்த ஆய்வுகளில் மனப்பிறழ்வு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் நெருங்கிய சொந்தத்தில் அந்த நோய் இருந்தாலும் சேர்க்கவில்லை. காரணம், இந்தப் பொருள்கள் அதைக் கிளப்பிவிடலாம். லித்தியம் எடுப்பவர்கள் சைகடெலிக்கும் எடுத்து வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

அப்புறம் குடி. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரு நாளில் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, ஆள் தடுமாறலாம். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிப்போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது ஆஸ்பத்திரி வார்டில் மாத்திரையோடும் தயமின் விற்றமினோடும் கடக்க வேண்டிய நாள்கள். அதற்குரிய மருந்து இங்கேயே இருக்கிறது. குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன, டொக்டரிடம் கேட்கலாம்.

தெரியாமல் கொடுப்பது

மாமியின் இரண்டாவது கேள்வி. சோற்றில், கறியில், பிளேன்ரீயில் கலந்து கொடுக்கும் குடி நிறுத்தும் பொடி என்று விற்கிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. அப்படிப்பட்ட பொடிகளில் டைசல்ஃபிராம் இருந்தால், அதன் மேல் குடித்தவருக்கு முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து, சில வேளை உயிரே போகும். சைகடெலிக்கைத் தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும்? சுவர் உருகுவதைக் காணும் மனிதருக்கு ஏன் என்று தெரியாது. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைப்பார். போரில் ஒரு முறை உலகம் குலைந்ததைப் பார்த்தவருக்கு, வீட்டு அடுப்படியிலேயே அது மறுபடி குலையும்.

நான் மாமியிடம் சொன்னேன்: "அவருக்குச் சொல்லாமச் செய்யிற எதுவும் வேண்டாம் மாமி." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னா அடிப்பாரு மனே" என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மருந்தும் இல்லை, ஆய்வும் இல்லை. அன்று பேசியது முழுக்க அதைப் பற்றித்தான்: அடி விழும் இரவில் எந்த வீட்டுக்கு ஓடுவது, யாருக்குப் போன் செய்வது என்று.

கோயிலில் ஆடுவதும் இதுவும் ஒன்று என்பது

இதைப் படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். நம் அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுவதும் சைகடெலிக் அனுபவமும் ஒன்று, முன்னோர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. உடுக்கும் பறையும் வேப்பிலையும் விரதமும் சேர்ந்த அந்த நிலைக்கு எந்தக் காளானும் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் சடங்கும் விளங்காது, ஆய்வும் விளங்காது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். போர்க்காலத்தில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம், காணாமற்போன பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தாய்மார் போனார்கள். மானுடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் தொண்ணூறுகளில் இங்கே தங்கி அதை ஆராய்ந்தார். வெளியே வாய் திறக்க முடியாத காலம். அங்கே அழலாம், கத்தலாம், சுற்றி ஊர் நிற்கும். அடுத்த நாள் அந்தத் தாயைக் கண்டால் என்ன நடந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆய்வறையின் இரண்டு பேர் செய்யும் காவலை அங்கே ஒரு ஊரே செய்தது.

முஸ்லிம் குடும்பங்களில் வேறொரு கேள்வி வரும்: இது ஹராம் இல்லையா? சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து எடுப்பதோடு இதை ஒப்பிடலாமா என்பது மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம். அந்தக் கேள்வியைப் பின்தங்கிய சிந்தனை என்று ஒதுக்குபவர் இந்த ஊரில் யாருக்கும் சிகிச்சை செய்ய முடியாது.

ஆராய்ச்சி நம்மைத் தேடி வந்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவது

இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் வரும். போரும் கடலும் அடித்த, வறுமையான, போதை பரவிய மாவட்டம் என்றால் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வரத்தான் செய்யும். இதுவரை நடந்ததைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1993 முதல் 2017 வரை நடந்த 18 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பங்குபற்றிய 282 பேரில் 82 வீதத்தினர் வெள்ளையர். ஆசியர் 2 வீதம்கூட இல்லை. பிறகு கொஞ்சம் மாறியது, 2023 எம்.டி.எம்.ஏ ஆய்வில் மூன்றில் ஒருவர் வெள்ளையர் அல்லாதவர். அப்படியிருந்தும் மண்டூர் வயல்காரருக்கோ திருக்கோவில் மீனவருக்கோ இந்த எண்கள் பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளையர் அல்லாதோர் முன்பு வேறு விதத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1950களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற இடத்தில் போதைக்கு அடிமையான கைதிகளுக்கு ஹரிஸ் இஸ்பெல் என்ற ஆய்வாளர் எல்.எஸ்.டி கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். சிலருக்கு 77 நாள் விடாமல். பங்குபற்றியதற்குக் கூலியாக எதை விட வந்தார்களோ அந்தப் போதையையே பெற்றார்கள். காளானின் கதையும் சுகமானதல்ல. மெக்சிகோவின் மசதெக் மக்களிடையே மரியா சபீனா என்ற வைத்தியப் பெண் நோயாளிகளுக்காகச் செய்த இரவுச் சடங்கை, 1957இல் கோர்டன் வாசன் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய சஞ்சிகையில் எழுதினார். வெளியூர்க் கூட்டம் அந்த மலைக்குப் படையெடுத்தது. ஊர் அவர் மேல் கோபப்பட்டது, அவருடைய வீடு எரிக்கப்பட்டது. வறுமையிலேயே இறந்தார்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த படிவங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே தாயிடம் ஒரே கதையை எத்தனை பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்! ஆகவே யாராவது ஆய்வு என்று வந்தால் முதலில் ஒழுக்கவியல் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். படிவம் உங்களுக்கு விளங்கும் தமிழில் இருக்கிறதா, நடுவில் விலகினால் கிடைக்கும் சிகிச்சை நிற்குமா, ஆய்வு முடிந்த மறுநாள் யார் வந்து பார்ப்பார் என்று கேளுங்கள். நீதிமன்றம் அனுப்பிப் புனர்வாழ்வில் இருக்கும் பிள்ளையிடம் வாங்கும் சம்மதம் உண்மையான சம்மதமா என்பதையும் கேளுங்கள். பெண்கள் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: அறைக்குள் எனக்கு நம்பிக்கையான ஒருவர் இருக்கலாமா? கனடாவில் எம்.டி.எம்.ஏ பரிசோதனை ஒன்றில் சிகிச்சையாளர்கள் ஒரு பெண்ணிடம் எல்லை மீறினார்கள். அந்த இடத்துத் தரவு கலந்த மூன்று கட்டுரைகளை 2024இல் மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. மருந்தின் கீழ் மனம் திறந்து கிடக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் பலம் குறைந்துவிடும்.

மாமிக்கு நான் அன்று எழுதிக் கொடுத்தது இரண்டு விஷயம்தான். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம், எந்த நேரமும் பேசலாம். மற்றது களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் எந்தப் பகுதியில் போய்க் கேட்பது என்ற விபரம். அவர் தனக்காகத்தான் முதலில் போனார், கணவருக்காக அல்ல. தூக்கம் இல்லை என்று சொல்லிப் பதிந்தார். மூன்றாவது தடவை கணவரும் கூடப் போனார், நெஞ்சு நோவுக்குக் காட்ட என்று சொல்லிக்கொண்டு.

போன மாதம் குருமண்வெளிப் பாதையில், ஆற்றைக் கடக்கும் அந்த மிதவையில், அவர்களைக் கண்டேன். ஆற்றுத் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. மாமி இரண்டு கிளினிக் கொப்பியையும் சொப்பிங் பேக்கில் சுற்றி, நனையாமல் மடியில் வைத்திருந்தார். மாமா இன்னும் குடிக்கிறார், முன்பு போல் தினமும் இல்லை. "இண்டைக்கு அந்தக் கதைக்கிற பிள்ளை வருவாவோ தெரியா" என்று என்னிடம் கேட்டது மாமாதான்.